சிறுமியின் கண் ஏன் கசிகிறது? மிக்ஸ்டு மீடியா படங்களில் கோளாறு பார்க்கும் முறை

பெரிய கண்கள், குச்சிக் கழுத்து, தலைமேல் ஒரு பறவை, பின்னணியில் பழைய புத்தகத் தாளும் ஸ்டென்சில் வட்டங்களும். தாள், பெயிண்ட், பென்சில், மை எல்லாவற்றையும் ஒரே படத்தில் சேர்க்கும் மிக்ஸ்டு மீடியாவில் இந்த மாதிரிக் கற்பனைச் சிறுமிகளை வரைபவர்கள் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் சொல்வது ஒன்றுதான்: “முகம் கெட்டுப்போச்சு.” பெரும்பாலும் குற்றம் முகத்தில் இருப்பதில்லை. அடியில் ஒட்டிய தாள் சரியாகப் பிடித்திருக்காது, அல்லது அதன்மேல் போட்ட மை நீரில் கரையும் வகையாக இருக்கும், அல்லது நடுவில் ஒரு பூச்சு காய்ந்தே இருக்காது. நாம் திரும்பத் திரும்பத் தேய்த்துத் திருத்துவது முகத்தைத்தான். அதனால் அடியில் இருக்கும் கோளாறு அங்கே முதலில் வெளியே வருகிறது.

உங்கள் படத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், படத்தின் ஒரு பகுதியையே இழக்க வேண்டிய காரணம் கடைசியில்.

## எதையும் திருத்துவதற்கு முன்

புறங்கையால் படத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இருக்கும் ஈரம் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. விரலில் பெயிண்ட் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்துக் காய்ந்துவிட்டதாக முடிவுகட்ட வேண்டாம். மெல்லிய அக்ரிலிக் பூச்சு பத்து முதல் முப்பது நிமிடத்தில் தொடும் அளவுக்குக் காயும். புடைப்பு தருவதற்காக அப்பும் மாடலிங் பேஸ்ட்டும் கெட்டி ஜெல்லும் நாள்கணக்கில் எடுக்கும், மிகவும் தடிமனாக அப்பியிருந்தால் வாரக்கணக்கில்.

அடுத்து, பஞ்சு சுற்றிய காதுக் குச்சியை லேசாக நனைத்து, படத்தில் பயன்படுத்திய ஒவ்வொரு பொருளின் மேலும் கண்ணில் படாத ஓரமாக உருட்டுங்கள். எதிலிருந்து நிறம் பஞ்சில் ஏறுகிறதோ அதுதான் உங்கள் சந்தேக நபர். இந்தச் சோதனையைச் செய்யாமல் பிரஷ்ஷைக் கையில் எடுக்காதீர்கள். இன்றைய நிலையில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். திருத்தத் திருத்த எது மோசமானது என்று பிறகு ஒப்பிட அது வேண்டும்.

## கண் கோடும் இமையும் கரைந்து சாம்பல் நிறமாகப் பரவுகின்றன

அதிகம் வரும் புகார் இது. எப்போது கரைந்தது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

### மேலே பெயிண்ட் பூசும்போதே கரைந்தால்

முதலில் கோட்டை எதால் போட்டீர்கள் என்று பாருங்கள். ஸ்டபிலோ ஆல் பென்சில் எந்தப் பரப்பிலும் எழுதும் என்பதால் இந்த வகைப் படங்களில் எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் அது நீரில் கரையும். நியோகலர் 2 கிரேயானும் அப்படியே. அதே பெயரில் வரும் நியோகலர் 1 கரையாது, ஆனால் மெழுகுத்தன்மை கொண்டது. அது வேறு தொல்லை, கீழே வருகிறது. சாதாரண பென்சிலும் சார்கோலும் கரைவதில்லை, பொடியாகக் கிளம்பி வெள்ளை பெயிண்ட்டோடு கலந்து அழுக்குச் சாம்பலாகும்.

பொடி என்றால் வழி எளிது. உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் உதிரியைத் தட்டிவிட்டு, பொடியைத் தாளில் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரேயை ஓரடி தள்ளி நின்று லேசாக இரண்டு மூன்று தடவை அடியுங்கள். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. ஜன்னலைத் திறந்து வைத்தோ வெளியில் நின்றோ அடிக்க வேண்டும்.

கரையும் பென்சில் என்றால் ஸ்ப்ரே ஓரளவுதான் காப்பாற்றும். அந்தக் கோட்டைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அதே இடத்தில் இந்தியன் இங்க்கோ நீர்புகாத பிக்மென்ட் பேனாவோ பயன்படுத்துங்கள். ஏற்கெனவே கரைந்துவிட்டதை மேலே மேலே வெள்ளை பூசி மறைக்கப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு பூச்சும் அடியில் இருப்பதை மறுபடி நனைத்து மேலே இழுக்கும். ஈரப் பஞ்சால் கரைவதை முழுக்கத் துடைத்து எடுங்கள். காயட்டும், அதன்மேல் மேட் மீடியம் (பளபளப்பில்லாத, நிறமற்ற அக்ரிலிக் திரவம்) ஒரு பூச்சு, அதுவும் காய்ந்த பிறகு முகம்.

சிலர் இந்தக் கரைசலையே நிழலாக்கிக்கொள்கிறார்கள். கண்ணைச் சுற்றிக் கோடு போட்டு, ஈர விரலால் தேய்த்து, குழிந்த கண்ணிமைக்கு நிழல் கொண்டுவருவது நல்ல உத்தி. விளைவு பிடித்திருந்தால் அதைக் கோளாறாக எண்ணத் தேவையில்லை. ஆனால் அடுத்த பூச்சுக்கு முன்னால் ஸ்ப்ரே அடிப்பது கட்டாயம்.

### வார்னிஷ் பூசும்போது கரைந்தால்

உடனே நிறுத்துங்கள். பிரஷ்ஷை இன்னொரு முறை இழுத்தால் கறுப்பு கன்னம் வரை வரும். ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த டிஷ்யூவை மேலே வைத்து அழுத்தி எடுங்கள், தேய்க்க வேண்டாம். நீர் கலந்த வார்னிஷ் நீரில் கரையும் பொருளை எழுப்பத்தான் செய்யும். இத்தகைய படத்துக்கு முதல் இரண்டு மூன்று பூச்சுகள் ஸ்ப்ரே வார்னிஷாக இருக்க வேண்டும். பிரஷ் அதன் பிறகுதான்.

இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு. ஆல்கஹால் மார்க்கரால் போட்ட இமை தண்ணீருக்கு அசையாது, ஆனால் கரைப்பான் கலந்த ஸ்ப்ரே பட்டதும் ஓரம் பூத்துப் பரவும். “பர்மனென்ட்” என்று மேலே எழுதியிருப்பது தண்ணீரை மட்டும் மனத்தில் வைத்து எழுதியது. அந்த மார்க்கர் இருக்கும் படத்தில் ஸ்ப்ரேயை முகத்தில் நேராக அடிக்காமல், அதே மார்க்கரும் அதே பெயிண்ட்டும் தடவிய ஒரு துண்டுத் தாளில் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

### சில நாள் கழித்து அடியிலிருந்து மேலே வந்தால்

வெள்ளை பூசி மறைத்த பழைய கோடு ஊதா அல்லது இளஞ்சிவப்பு நிழலாகத் திரும்பி வருகிறதா? அடியில் சாய மார்க்கரோ பால்பாயின்ட் பேனாவோ இருக்கிறது. சாயம் அக்ரிலிக் படலத்தின் ஊடாக ஊறி வரும். எத்தனை ஜெஸ்ஸோ (பெயிண்ட்டுக்கு அடியில் போடும் அடிப்பூச்சு) பூசினாலும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். ஷெல்லாக் கலந்த பிரைமர் தடுக்கும், ஆனால் ஒரு சின்ன முகத்துக்காக அதை வாங்கத் தேவையில்லை. அந்த இடத்தில் ஒரு புதிய தாளை ஒட்டி, அதன்மேல் முகத்தை வரையுங்கள். மிக்ஸ்டு மீடியாவில் ஒட்டு தெரிவதைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.

## முகம் “என்னமோ” சரியில்லை

பெயிண்ட் நன்றாகப் பிடித்திருக்கிறது, நிறமும் சரி, ஆனால் பார்க்கவே பிடிக்கவில்லை. முகத்திலேயே குற்றம் இருக்கும் ஒரே பிரிவு இதுதான். இங்கும் முதலில் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். போனில் எடுத்த போட்டோவை இடவலமாகத் திருப்பினாலும் போதும். பிறகு அதே போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாதது இரண்டிலும் பளிச்சென்று தெரியும்.

### இரண்டு கண்ணும் இரண்டு பக்கம் பார்க்கின்றன

கண்ணின் கருமணி இருக்கும் இடத்தைவிட வெள்ளைப் புள்ளியின் இடம்தான் அதிகம் ஏமாற்றும். ஒளிப்புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். இடது கண்ணில் இடப்பக்கமும் வலது கண்ணில் வலப்பக்கமும் வைத்தால் சிறுமிக்கு மாறுகண் விழும். புள்ளியை மறைத்துவிட்டு மறுபடி வையுங்கள். அதிலேயே பாதிப் படங்கள் சரியாகிவிடும். ஆகவில்லையென்றால் ஒரு கண்ணை டிரேசிங் தாளில் எடுத்து, தாளைத் திருப்பி மற்ற கண்மேல் வைத்துப் பாருங்கள். வடிவம் எங்கே விலகுகிறது என்று தெரியும்.

### பயந்த மாதிரி முறைக்கிறாள்

கருவிழியைச் சுற்றி முழு வட்டமாக வெள்ளை தெரிகிறது. மேல் இமை கருவிழியின் மேல்பகுதியைச் சற்று மூட வேண்டும், கீழ் விளிம்பு கீழ் இமையைத் தொட வேண்டும். கூடவே கண்ணின் வெள்ளை உண்மையிலேயே தூய வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சாம்பல் நீலமோ பழுப்போ கலந்து ஒரு படி மங்கலாக்கி, மேல் இமைக்குக் கீழே மெல்லிய நிழல் ஒன்று கொடுங்கள். தூய வெள்ளையை ஒளிப்புள்ளிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

### சிறுமி வரைந்தால் அத்தை வருகிறாள்

இதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம். கண்கள் மேலே ஏறியிருக்கும். பெரியவர்களுக்குக் கண் தலையின் உயரத்தில் சரிபாதியில் இருக்கும். குழந்தைத்தனம் வேண்டுமானால் பாதிக்கோட்டுக்குக் கீழே இறக்கி, நெற்றியைப் பெரிதாக விட வேண்டும். மூக்கின் இருபுறமும் கோடு இழுத்திருப்பீர்கள். அதை எடுத்துவிட்டு, நுனிக்கு ஒரு நிழலும் இரண்டு புள்ளியும் போதும். உதட்டைச் சுற்றி முழு வரம்பு இருக்கும். உதடுகள் சேரும் நடுக்கோட்டை மட்டும் அழுத்தமாக வைத்து, கீழுதட்டுக்கு அடியில் ஒரு சின்ன நிழல் விட்டால் வயது சடாரென்று குறையும். மூக்கிலிருந்து வாய் ஓரத்துக்கு வரும் கோட்டைத் தெரியாமல்கூடப் போடாதீர்கள்.

### தலை தனியாக மிதக்கிறது

கழுத்து நீளமாகவோ ஒல்லியாகவோ இருப்பது குற்றமில்லை, இந்தப் பாணியே அதுதான். கழுத்து தாடைக்கு அடியில் முட்டுக்கொடுத்த கம்பாக நிற்பதுதான் குற்றம். தாடைக்குப் பின்னாலிருந்து அது கிளம்ப வேண்டும், தாடையின் நிழல் அதன்மேல் விழ வேண்டும். அந்த ஒரு பட்டை நிழல் போட்டதும் தலை வந்து உட்கார்ந்துவிடும்.

இத்தனையும் செய்து முகம் பிடிக்கவில்லையென்றால் வேறொரு தாளில் புதிதாக முகம் வரைந்து, வெட்டி, மேலே ஒட்டுங்கள். பின்னணிக்குச் செலவான உழைப்பு தப்பிக்கும்.

## தோல் நிறம் சேறாகிறது, அல்லது சுண்ணாம்பு பூசியது போல் வெளுக்கிறது

கலக்கும் தண்ணீரை மாற்றினீர்களா? கேட்கவே கூச்சமான கேள்விதான், ஆனால் அழுக்குத் தண்ணீர்தான் முதல் காரணம்.

அடுத்தது, காயாத பூச்சின் மேல் பூசுவது. பின்னணி நீலத்தின் மேல் ஆரஞ்சு கலந்த தோல் நிறம் ஈரமாகச் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று கொன்று சாம்பல் பழுப்பாகும். பின்னணி முழுக்கக் காய்ந்த பிறகு, முகத்தின் வடிவத்துக்கு மட்டும் ஜெஸ்ஸோ பூசி மறைத்துக்கொண்டு தொடங்குங்கள். பின்னணி ஊடே தெரிய வேண்டுமென்றால் வெள்ளை ஜெஸ்ஸோவுக்குப் பதில் நிறமற்ற ஜெஸ்ஸோ.

மூன்றாவது, ட்யூபுக்குள் இருப்பது. பின்பக்கம் பிக்மென்ட் எண்களைப் படியுங்கள். ஒரே எண் இருந்தால் ஒற்றை நிறமி. மூன்று எண் இருந்தால் அது ஏற்கெனவே கலவை. அப்படிப்பட்ட ட்யூப்களில் மூன்றைக் கலந்தால் எட்டு ஒன்பது நிறமிகள் ஒரு கன்னத்தில் மோதும். வெளிர் தோலுக்கு யெல்லோ ஓக்கர், துளி சிவப்பு, டைட்டானியம் வெள்ளை போதும். கருமையான தோலுக்குப் பர்ன்ட் அம்பர், சிவப்பு. நிழலுக்கு அல்ட்ராமரின் நீலம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவை எல்லாம் பர்ன்ட் சியன்னாவிலிருந்து கிளம்பும். நிழலுக்குக் கறுப்பு கலந்தால் தோல் நிறத்திலுள்ள மஞ்சளோடு சேர்ந்து பச்சை அடிக்கும். சிறுமிக்கு உடம்பு சரியில்லாத தோற்றம் வருவது அதனால்தான்.

சுண்ணாம்புத் தோற்றம் என்றால் எல்லாவற்றையும் வெள்ளையால் வெளிர்த்திருக்கிறீர்கள். கருமையான தோலில் இது இன்னும் கோரமாகத் தெரியும். ஒளி படும் இடத்துக்கு வெள்ளைக்குப் பதில் ஓக்கரோ ஆரஞ்சோ சேர்த்துப் பாருங்கள். முகம் ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? அழிக்க வேண்டாம். கிளேசிங் மீடியத்தில் துளி பர்ன்ட் சியன்னாவையோ குயினாக்ரிடோன் சிவப்பையோ கலந்து, கண்ணாடித்தாள் போல ஊடே தெரியும் ஒரு பூச்சு கொடுத்தால் உயிர் வரும்.

இன்னொன்று: அக்ரிலிக் ஈரத்தில் இருப்பதைவிடக் காய்ந்ததும் கருக்கும், ஏனென்றால் ஈரமான பிணைப்பான் (நிறமியைப் பிடித்துவைக்கும் பசை) பால் வெள்ளை, காய்ந்தால் நிறமற்றது. நேற்றைய கன்னத்துக்கு இன்று ஒட்டுப்போடும்போது நிறம் பொருந்தாதது இதனால். துண்டுத் தாளில் தடவிக் காயவைத்துப் பிறகு ஒப்பிடுங்கள்.

## ஒட்டிய தாளில் குமிழும் சுருக்கமும்

முகத்துக்கு நடுவில் ஒரு குமிழ் இருந்தால் அதன்மேல் எவ்வளவு நிழல் போட்டாலும் அது வீங்கிய கன்னம்தான்.

தாளுக்கு அடியில் மட்டும் மீடியம் தடவினீர்களா? அடியில் ஒரு பூச்சு, தாள், அதன்மேல் இன்னொரு பூச்சு என்பதுதான் முறை. நடுவிலிருந்து ஓரத்துக்கு, பழைய பிளாஸ்டிக் கார்டாலோ ரப்பர் ரோலராலோ காற்றைத் தள்ள வேண்டும். தடித்த தாள் ஈரம் குடித்ததும் விரியும். அதை ஒட்டிய பிறகு விரியவிட்டால் சுருக்கம் நிச்சயம். முதலில் பின்பக்கம் மீடியம் தடவி இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டு, விரிந்த பிறகு ஒட்டுங்கள். நாப்கினில் படம் அச்சான மேல் ஏடு மட்டும்தான் வேண்டும். அடியில் உள்ள வெள்ளை ஏடுகளைப் பிரித்து எடுக்காவிட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் உப்பும்.

காய்ந்துபோன குமிழுக்கு: கூரான கத்தியால் ஒரு கோடு கீறி, ஊசி முனையால் மீடியத்தை உள்ளே செலுத்தி, பட்டர் பேப்பர் வைத்து அழுத்தி, மேலே பாரம் வையுங்கள். டிஷ்யூ தாளின் நுண்சுருக்கத்தை எடுக்க முடியாது. அதைக் கூந்தலாகவோ கவுனின் மடிப்பாகவோ ஆக்கிவிடுங்கள்.

### ஒட்டும்போது அச்சுப்படம் கரைந்தால்

அது இங்க்ஜெட் பிரிண்ட், அதிலும் சாய மை. லேசர் பிரிண்ட்டும் போட்டோகாப்பியும் டோனர் என்பதால் கரையாது. இங்க்ஜெட்தான் இருக்கிறதென்றால், மீடியம் தொடுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் ஃபிக்ஸேட்டிவ் அடித்துக் காயவிடுங்கள். கரைந்த படத்தை மீட்க வழியில்லை, மறுபடி அச்செடுக்க வேண்டியதுதான்.

## தாள் வில்லாக வளைகிறது

300 கிராம் (ஒரு சதுர மீட்டருக்கான எடை) நீர்வண்ணத் தாள்கூட ஒரு பக்கம் மட்டும் ஜெஸ்ஸோவும் பசையும் ஏறினால் வளையும். முன்பக்கம் பூசும் அன்றே பின்பக்கமும் ஒரு பூச்சு கொடுங்கள். இழுவை சமமாகும். வளைந்ததை நிமிர்த்த, பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்து, முன்பக்கம் பட்டர் பேப்பரும் பின்பக்கம் உறிஞ்சுதாளும் வைத்து, தட்டையான பலகைக்கு அடியில் ஒரு நாள் விடலாம். பேஸ்ட் புடைப்பு இருந்தால் முன்பக்கம் மென்மையான ஸ்பாஞ்ச் விரிப்பு வேண்டும். இல்லாவிட்டால் புடைப்பு நசுங்கும். வழக்கமாக நிறைய அடுக்கு போடுபவர் 640 கிராம் தாளுக்கோ மரப்பலகைக்கோ மாறிவிடுவது நல்லது. செலவு கூடும், தலைவலி குறையும்.

கேன்வாஸ் தொய்ந்தால் பின்பக்க மூலைகளில் இருக்கும் மர ஆப்புகளை லேசாகத் தட்டுங்கள். சட்டமே முறுக்கிக்கொண்டால் அது பிரேம் போடுபவரின் வேலை. நீங்கள் ஆணியைப் பிடுங்கினால் பேஸ்ட் வெடிக்கும்.

## பெயிண்ட் உரிகிறது, வெடிக்கிறது

முதல் சோதனை: ஓரத்தில் கத்தியால் பெருக்கல் குறி கீறி, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். டேப்போடு எந்த அடுக்கு வருகிறதென்று பாருங்கள். மேல் பெயிண்ட் மட்டும் வந்தால் அதற்கு நேர் அடியில் வழவழப்பான ஏதோ இருக்கிறது. எல்லாமே வந்து பலகை தெரிந்தால் கோளாறு அடித்தளத்தில்.

வழவழப்பு என்றால் பத்திரிகையின் பளபளத் தாளாக இருக்கலாம். அதை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, நிறமற்ற ஜெஸ்ஸோ பூசினால் பிடிப்பு வரும். மெழுகு கிரேயானோ ஆயில் பேஸ்டலோ என்றால் அக்ரிலிக் தாமரை இலைத் தண்ணீர்தான். சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. ஆயில் பேஸ்டல் வேண்டுமென்றால் அது எப்போதும் மேலடுக்கு. எண்ணெய் வண்ணத்தை அக்ரிலிக்கின் மேல் போடலாம், எண்ணெயின் மேல் அக்ரிலிக் நிற்காது.

அடித்தளத்திலிருந்தே வந்தால் பலகையைத் தூசி தட்டாமல் பூசியிருக்கலாம், அல்லது குளிரில் பூசியிருக்கலாம். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அக்ரிலிக் முறையாகப் படலம் கட்டாது. காய்ந்த மாதிரி இருக்கும், தொட்டால் பொடியும். அதன்மேல் திருத்துவது வீண்வேலை. சுரண்டிவிட்டுத் தொடங்குங்கள்.

வெடிப்பு வேறு விஷயம். ஒரே தடவையில் தடிமனாக ஜெஸ்ஸோ பூசி ஹேர் டிரையரைக் காட்டினால் மேல்தோல் இறுகி, அடி ஈரமாக இருந்து, பிளக்கும். ஹீட் கன் என்றால் கொப்புளமும் சேரும். இந்தப் பாணியில் வெடிப்பு அழகாகவே இருக்கும், எனக்குப் பிடிக்கும். சில்லுகள் ஆடுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஆடாவிட்டால் வெடிப்புக்குள் நீர்த்த மீடியத்தை ஓடவிட்டு அப்படியே விட்டுவிடலாம். இழுத்துக்கட்டிய கேன்வாஸில் சாதாரண மாடலிங் பேஸ்ட் வெடித்துக்கொண்டே இருந்தால், வளையும் தன்மையுள்ள பேஸ்ட்டுக்கோ பலகைக்கோ மாறுங்கள்.

## பேனா எழுத மறுக்கிறது, வெள்ளைப் புள்ளி நிறம் மாறுகிறது

காயாத பெயிண்ட்டில் எழுதினால் முனை அடைபடும். ஜெஸ்ஸோவின் சொரசொரப்பு மெல்லிய பைபர் முனையைத் தேய்த்தே கொன்றுவிடும். கண்ணிமைக்கு விலை உயர்ந்த நுண்முனைப் பேனாவை ஜெஸ்ஸோ மேல் ஓட்டுவது பேனாவுக்குச் செய்யும் துரோகம். எழுதும் இடத்தில் மேட் மீடியம் ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட்டு எழுதுங்கள். போஸ்கா மாதிரியான பெயிண்ட் பேனா மக்கர் செய்தால் குலுக்கி, வேறு தாளில் முனையை அழுத்திக் கிறுக்கி உயிர்ப்பிக்கலாம்.

வெள்ளை ஜெல் பேனாப் புள்ளி சில மணி நேரத்தில் இளஞ்சிவப்பாவது அடியில் சாய மை இருப்பதால். பேனாவை மாற்றிப் பயனில்லை. அடியை அடைத்துவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் வெள்ளை அக்ரிலிக் வையுங்கள்.

## பிசுபிசுக்கிறது, ஆர்ட் ஜர்னலில் பக்கங்கள் ஒட்டிக்கொள்கின்றன

அக்ரிலிக் படலம் வெப்பத்தில் இளகும். முழுக்கக் காய்ந்த பிறகும் இரண்டு படலங்கள் அழுந்தி இருந்தால் ஒட்டும். பளபளப்பு மீடியத்தில் இது அதிகம். தாள் ஒட்டும் கொலாஜ் பசையை வார்னிஷாகவும் பூசியிருந்தால் இன்னும் அதிகம்.

இன்னும் காயவிடுங்கள், அது முதல் மருந்து. பிறகு பக்கங்களுக்கு இடையே பட்டர் பேப்பர். அதன் பிறகு மேட் வார்னிஷ். கடைசியாக, துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்க்கும் மெழுகு பாலிஷ். மெழுகு ஏறிய பக்கத்தில் அப்புறம் எதுவும் பிடிக்காது, ஆகவே அந்தச் சிறுமியோடு வேலை முழுக்க முடிந்த பிறகே அதைச் செய்யுங்கள்.

ஏற்கெனவே ஒட்டிக்கொண்டதை இழுத்துப் பிரித்தால் ஒரு முகம் எதிர்ப்பக்கத்துக்குக் குடிபோய்விடும். நோட்டைக் காற்றுப்புகாத கவரில் போட்டுக் கொஞ்ச நேரம் குளிர்பெட்டியில் வைத்து, எடுத்தவுடன் மெல்லிய பாலெட் கத்தியை ஓரத்திலிருந்து நகர்த்துங்கள். குளிரில் பிசுக்கு குறையும், அதே குளிரில் படலம் நொறுங்கவும் செய்யும். பக்கத்தை வளைக்காமல் மெதுவாக.

## வார்னிஷ் பால் நிறமாக மங்குகிறது

நீர் கலந்த வார்னிஷ் ஈரத்தில் பால் நிறமாகத்தான் இருக்கும். ஒரு நாள் பொறுங்கள்.

காய்ந்தும் மங்கலென்றால், மழை நாளில் ஸ்ப்ரே அடித்தீர்களா? காற்றின் ஈரம் படலத்தில் சிக்கும். வறண்ட நாளில் விட்டுப் பாருங்கள், சில நேரம் தானே தெளியும். அடுத்த காரணம், மேட் வார்னிஷை மூன்று நான்கு பூச்சு அடுக்கியது. மேட் ஆக்குவதற்காக அதில் கலந்த துகள்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து, கறுப்புக் கூந்தலின் மேல் புகைபடிந்த தோற்றம் தரும். பளபளப்பு வார்னிஷ் எத்தனை பூச்சானாலும் பூசி, கடைசி ஒன்றை மட்டும் மேட் ஆக்குங்கள். டப்பாவைக் குலுக்காமல் கிளறுங்கள். குலுக்கினால் நுண்குமிழ் வந்து அதுவும் மங்கலாகத் தெரியும்.

அடியில் பேஸ்ட் காயவில்லையென்றால் எந்த வார்னிஷும் உதவாது. மெல்லிய படத்துக்கு மூன்று நாள், பேஸ்ட் ஏறிய படத்துக்கு இரண்டு வாரமாவது நான் விடுகிறேன்.

பூசிய வார்னிஷை எடுக்கும் முயற்சியில் நீங்களாக இறங்க வேண்டாம். வார்னிஷுக்கு அடியில் தடுப்புப் பூச்சு இல்லாவிட்டால், அதைக் கரைக்கும் திரவம் பெயிண்ட்டையும் தொடும். விற்ற படமோ, ஒருவருக்குச் செய்துகொடுத்த படமோ என்றால் ஓவியப் பராமரிப்பு நிபுணரிடம் போங்கள்.

## பின்னணி மஞ்சளாகிறது, கவுனின் நிறம் வெளுக்கிறது

செய்தித்தாளில் உள்ள லிக்னின் (மரத்திலிருந்து வரும் பொருள்) ஒளி பட்டு மஞ்சளாகும். மேலே எதைப் பூசினாலும் முழுக்க நிற்காது. பிடித்த பக்கத்தைப் போட்டோகாப்பி எடுத்து நல்ல தாளில் ஒட்டுவதுதான் தீர்வு. செய்தித்தாளே இல்லாமல், நிறமற்ற ஜெல்லின் அடியில் பழுப்பு வந்தால் அது பலகையிலிருந்தோ துணியிலிருந்தோ ஜெல்லின் ஈரம் இழுத்துவந்த கறை. அடுத்த பலகைக்கு ஜெஸ்ஸோவுக்கு முன்னால் ஒரு சீலர் பூசுங்கள்.

வெளுப்புக்குக் காரணம் சாயங்கள்: ஸ்ப்ரே மைகள், நிறம் கழலும் டிஷ்யூ தாள், ஃப்ளோரசென்ட் பிங்க். ட்யூபில் ஏஎஸ்டிஎம் (தர அளவுகளை வகுக்கும் அமைப்பு) ஒளித்தாங்குதிறன் 1 அல்லது 2 என்றிருந்தால் கவலையில்லை. எதுவும் எழுதாத பொருளை ஒரு பட்டையாகத் தடவி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் மூன்று மாதம் வையுங்கள். பதில் கிடைத்துவிடும்.

## பொத்தானும் லேஸும் விழுகின்றன

வெள்ளைப் பசையோ சூட்டுப் பசையோ போட்டிருந்தால் விழத்தான் செய்யும். சூட்டுப் பசை வெயிலில் இளகும். கெட்டி ஜெல்லில் பாதி முங்கும்படி அழுத்தி, படுக்கவைத்து இரண்டு நாள் காயவிடுங்கள். இரும்புச் சாமான் என்றால் முன்னதாகவே நிறமற்ற வார்னிஷில் முக்கி எடுங்கள். ஜெல்லின் ஈரத்தில் அது துருப்பிடித்துச் சிறுமியின் சட்டையில் கறை இறக்கும்.

## கையை எடுத்துவிட வேண்டிய இடங்கள்

சாம்பல், பச்சைப் புள்ளிகள் படத்தில் பரவி, முடைநாற்றமும் வந்தால் அது பூஞ்சை. மாவுப் பசையும் ஈரச்சுவரும் சேர்ந்தால் வரும். வீட்டுக்குள் பிரஷ்ஷால் தட்டாதீர்கள், வித்துகள் மற்ற படங்களுக்குப் போகும். பிளாஸ்டிக் பையில் போட்டுத் தனியே வையுங்கள். மதிப்புள்ள படமென்றால் நிபுணர், இல்லையென்றால் குப்பை.

பாட்டியின் ஒரே போட்டோவையோ ஒரிஜினல் கடிதத்தையோ யாராவது நேரடியாக ஒட்டிவிட்டு, இப்போது அது உப்புகிறது என்று வந்தால், கீறுவது, ஈரமாக்குவது, அழுத்துவது எதுவும் கூடாது. அக்ரிலிக் மீடியத்தில் ஒட்டிய தாளைச் சேதமில்லாமல் பிரிப்பது காகிதப் பராமரிப்பு நிபுணருக்கே கடினம். அவரிடம் போகும்போது என்ன மீடியம், என்ன வார்னிஷ், எப்போது பூசியது என்று எழுதி எடுத்துப் போங்கள், முதலில் கேட்பது அதைத்தான். உங்கள் படங்கள் எல்லாவற்றின் பின்பக்கத்திலும் அந்த விவரத்தைப் பென்சிலால் எழுதி வைத்துவிடுங்கள்.